வாழ்க்கைக்கு எதுகை

மெட்டு வந்துவிட்டது. பல்லவியின் முதல் சொல்லாக 'வாழ்க்கை' அமர்ந்தும் விட்டது. இயக்குநர் சொன்ன காட்சிக்கும் இசையமைப்பாளர் பாடிக் காட்டிய தத்தகாரத்துக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. இனி இரண்டாம் வரியை எந்தச் சொல்லில் தொடங்குவது? 'வாழ்வு' என்றிருந்தால் 'தாழ்வு' கூப்பிடாமலே வந்து நிற்கும். 'வாழ்க்கை' அப்படியல்ல. நெடில், அதன்பின் ழகர ஒற்று, அதன்பின் ககர ஒற்று என்று அதே அச்சில் அமைந்த சொற்களைத் தேடினால் கீழ்க்கண்ட, கீழ்க்கரை, தாழ்க்கோல் என்று சிலவே அகப்படும். ஒன்று அலுவலகக் கடிதத்துக்குரியது, ஒன்று ஊர்ப்பக்கம், இன்னொன்று வழக்கிலிருந்து போய்விட்டது. காதல் பாட்டிலோ சோகப் பாட்டிலோ இவற்றை வைத்துப் பாட முடியாது.

எதுகைக்குத் தட்டுப்பாடான சொற்கள் எல்லா மொழியிலும் உண்டு. ஆங்கிலப் பாடலாசிரியர்கள் ஆரஞ்ச், சில்வர், மந்த் ஆகிய மூன்றையும் அந்த வகையில் எப்போதும் சுட்டுவார்கள். ஆனால் அவர்களுடைய சிக்கல் வரியின் முடிவில் இருக்கிறது. தமிழில் அது வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. இந்த இட வேறுபாட்டைக் கவனிக்காமல் நம் பாட்டின் எதுகையைப் பற்றிப் பேசவே முடியாது.

தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை எனத் தொடைகளைச் சொல்கிறது. முதலெழுத்து ஒன்றினால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அடியின் இறுதி ஒன்றினால் இயைபு. எதுகைக்கு ஒரு கூடுதல் நிபந்தனையும் உண்டு. முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'கட்டு'க்குப் 'பட்டு' எதுகை, 'பாட்டு' எதுகையாகாது. மூன்றில் இயைபு மிக எளிது. அதனால்தான் பழைய செய்யுளில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை என்பது என் கணிப்பு.

தமிழ் ஒட்டுநிலை மொழி. வேர் முன்னே நிற்கும். காலம், இடம், பால், வேற்றுமை எல்லாம் பின்னே வந்து ஒட்டும். தன்மை ஒருமை வினைமுற்று எதுவானாலும் 'ஏன்' என்று முடியும். ஏழாம் வேற்றுமை எதுவானாலும் 'இல்' என்று முடியலாம். வந்தேன், போனேன், பார்த்தேன், படுத்தேன் என்று நாள் முழுக்க அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசி ஓசை ஒன்றுபடுவது அங்கே கவிஞன் செய்த வேலை அல்ல, விகுதி செய்த வேலை. வரியின் தலையில் நிற்பதோ வேர்ச்சொல். 'கண்' என்பதை எந்த விகுதியைச் சேர்த்தும் 'கல்' ஆக்க முடியாது. ஆகவே எதுகை என்பது இரண்டு வேர்கள் சந்திக்கும் இடம். வேர்கள் சந்தித்தால் பொருள்களும் சந்தித்தே தீரும். கடினமான சொல்லுக்கு எதுகை தேடுகிறவன், தான் நினைத்திராத ஒரு பொருளின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தப்படுவது இதனால்தான்.

கண்ணதாசனுக்கு இயைபின் எளிமை நன்றாகத் தெரிந்திருந்தது. 'வீர அபிமன்யு' (1965) படத்துக்கு அவர் எழுதிய காதல் பாட்டு முழுக்கத் 'தேன்' என்று முடியும். விகுதியால் இலவசமாகக் கிடைக்கும் ஓசை அது. ஆனால் அதையே விடாமல் அடுக்கி, கேட்பவர் காதில் வினைமுற்றின் வால் தேனாகவே சொட்டும்படி செய்துவிட்டார். 'பலே பாண்டியா'வில் (1962) அதே வேலையைக் 'காய்' என்ற சொல்லை வைத்துச் செய்தார். எளிதாகக் கிடைப்பதைத் தன் கையாலேயே கடினமாக்கிக்கொண்டு பிறகு அதைக் கடந்து காட்டும் துணிச்சல் அது.

வாழ்க்கைக்குத் திரும்புவோம். அதற்கான சாவியை யாப்பிலக்கணக்காரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்து வைத்துவிட்டார்கள். அதற்கு ஆசிடை எதுகை என்று பெயர். ய், ர், ல், ழ் ஆகிய நான்கு ஒற்றுகளில் ஒன்று முதலெழுத்துக்கும் எதுகை எழுத்துக்கும் நடுவில் வந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஒற்றுக்கு 'ஆசு' என்று பெயர். விதியைப் படித்தால் சலுகை போலத் தோன்றும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அது காதின் நடப்பைப் பதிவு செய்த விதி என்பது புரியும். வாழ்க்கை, பார்க்க, வாய்க்க, காக்க: இந்த நான்கையும் தாளத்தோடு சொல்லுங்கள். இடையின ஒற்று நெடிலோடு கரைந்து போகிறது. அதற்குப் பின்னால் வரும் வல்லின ஒற்றின் மோதல்தான் தாளத்தில் விழுகிறது. நான்கிலும் அது ககரமே.

இப்போது ழகரத்தை மறந்துவிட்டு 'வாக்கை' என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். அடைத்திருந்த கதவு திறந்துகொள்கிறது. ஏக்கம், தூக்கம், ஊக்கம், ஆக்கம், தேக்கம், தாக்கம், நோக்கம், நீக்கம்; போக்கு, வாக்கு, நாக்கு; பூக்கள், காக்கை; சேர்க்க, பார்க்க, கேட்காமலே வந்து நிற்கும் வாய்க்கால். இவற்றில் பாதிக்கு மேல் மனநிலையைக் குறிப்பவை, மனிதன் நாளெல்லாம் புழங்குகிறவை. அவசரத்துக்கு ஒன்று இட்டுப் பார்க்கிறேன்:

வாழ்க்கை கேட்ட கேள்விக் கெல்லாம்
நோக்கம் ஒன்றே விடையாகும்

உயர்ந்த கவிதை இல்லை. எதுகை நிற்கிறதா என்று பார்க்க மட்டும் எழுதியது. நிற்கிறது. 'நோக்கம்' என்பதை எடுத்துவிட்டு 'ஏக்கம்' என்று மாற்றினால் பாட்டு வேறு மனிதனுடையதாகிவிடும். 'தூக்கம்' என்றால் மூன்றாவது மனிதன் ஒருவன் வருவான். பழைய புலவர்களுக்கு இந்த வரிசையில் இன்னொரு சொல்லும் இருந்தது: யாக்கை. உடம்பு என்று பொருள். நாலடியார் 'யாக்கை நிலையாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறது. வாழ்க்கையும் யாக்கையும் ஒலியால் உறவானவை என்பதை அறிந்த காது, நிலையாமையைப் பாடும்போது இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் இருக்க முடியாது. இன்றைய பாட்டில் 'யாக்கை' அரிதாகவே வரும். அப்படி வந்தாலும் கேட்பவருக்கு அகராதி தேவைப்படும்.

சாவி பிடிக்காவிட்டால் வேறு வழிகளும் உண்டு. சொல்லையே மாற்றிப் பார்க்கலாம். ஈழத்துப் பேச்சில் உயிரோடிருக்கும் 'சீவியம்' உண்டு. ஆயுள், நாள், பிழைப்பு உண்டு. ஆனால் 'பிழைப்பு' என்று வைத்த உடனே 'உழைப்பு' வந்து நிற்கும், 'அழைப்பு' வரும், 'மழை' வரும். வாழ்க்கையைப் பற்றித் தொடங்கிய பாட்டு, கூலி வேலைக்குப் போகிறவரின் பாட்டாகிவிடும். அது தவறில்லை. படத்தில் பாடுகிறவர் யார் என்பதைப் பொறுத்து அதுவே சரியாகவும் இருக்கலாம். எதுகையை மாற்றினால் பாடுகிறவரின் வர்க்கமே மாறுகிறது என்பதைப் பாட்டெழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

இதே கண்ணோடு 'தமிழ்' என்ற சொல்லைப் பார்க்கலாம். முதலெழுத்து மட்டும் வேறுபட்டு மற்றவை முழுவதும் ஒத்திருப்பதைத் தலையாகு எதுகை என்பார்கள். அந்த அளவுகோலில் தமிழுக்குக் கிடைக்கும் உறவினர் மிகக் குறைவு: அமிழ், இமிழ், உமிழ், குமிழ், சிமிழ். புதிதாக ஒன்றைச் சேர்ப்பது கடினம். புறநானூற்றின் 19-ஆம் பாட்டில் குடபுலவியனார் தலையாலங்கானத்துப் போரைப் பாடுகிறார். முதல் அடி 'இமிழ்' என்று தொடங்குகிறது, இரண்டாம் அடி 'தமிழ்' என்று தொடங்குகிறது. அகவற்பாவுக்கு எதுகை கட்டாயமில்லாத காலத்திலும் அந்தப் புலவர் கடலின் ஒலிப்பையும் தமிழையும் ஓர் ஓசையில் கோத்திருக்கிறார்.

பிற்காலக் கவிஞர்களுக்கு இந்தச் சிறு கூட்டத்தில் ஒன்று மட்டும் மிகவும் பிடித்துப்போயிற்று. அமிழ்து. தமிழையும் அமுதையும் இணைத்துப் பாரதிதாசன் பாடியது ஊரறிந்தது. அவருக்கு முன்னும் பின்னும் இணைத்தவர்களைக் கணக்கெடுக்க முடியாது. இந்த உவமை ஏன் இவ்வளவு வேரூன்றியது? மொழிப்பற்று ஒரு காரணம். ஓசைத் தட்டுப்பாடு இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன். உமிழ்தலோடு ஒப்பிட முடியாது. சிமிழ் சிறியது. குமிழ் நிலையற்றது. இமிழ் வழக்கொழிந்தது. மிஞ்சுவது அமிழ்து. தாய்மொழியைப் போற்ற நினைத்தவர்களுக்கு எதுகை காட்டிய வழி அது ஒன்றுதான். அந்த வழி அவர்கள் உணர்ச்சிக்கும் ஒத்துப்போனது. மகர எதுகையாகக் 'கமழ்' என்பதும் வரும், ஈற்றிலும் ழகரமே. தமிழ் மணம் கமழ்வதாக மேடைக்கு மேடை சொல்லப்படுவதற்கும் இந்த ஓசை உறவே அடிநிலம்.

இன்னும் குறுகலான இடத்தில் வள்ளுவரைப் பார்க்கலாம். ஆய்த எழுத்து தனிக் குறிலுக்குப் பின்னும் உயிர்மெய் வல்லினத்துக்கு முன்னும் மட்டுமே வரும். ஆகவே அதை இரண்டாம் எழுத்தாகக் கொண்ட சொற்கள் தமிழில் மிகச் சில: அஃது, இஃது, எஃகு, அஃகு, வெஃகு, கஃசு போன்றவை. அவர் 18-ஆம் அதிகாரத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்போ 'வெஃகாமை'. 175-ஆம் குறளில் முதல் அடி 'அஃகி' என்று தொடங்க, இரண்டாம் அடி 'வெஃகி' என்று தொடங்குகிறது. 178-ஆம் குறளில் முதல் சீர் 'அஃகாமை', அதே அடியின் நான்காம் சீர் 'வெஃகாமை'. முதலும் நான்கும் ஒன்றும் இந்த அமைப்புக்கு ஒரூஉ எதுகை என்று பெயர். இரண்டு இடத்திலும் துணைக்கு வந்தது 'அஃகு' என்ற ஒரே வினை. ஆனால் ஓரிடத்தில் அது அறிவு நுண்மையாவதைச் சொல்கிறது. மற்றதில் செல்வம் குறையாதிருப்பதைச் சொல்கிறது. பையில் ஒரே ஒரு சொல் இருக்கும்போது அதன் இரண்டு பொருளையும் இரண்டு இடத்தில் செலவிட்டிருக்கிறார். எதுகைக்கு வழி இல்லை என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் இந்த இரண்டு குறளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இப்படித் தேடுகிறவர்களுக்கு உதவி நூல்கள் இருந்தனவா? இருந்தன. அவை இன்று நாம் நினைப்பதைவிடப் பழையவை. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளைக் கொண்டது. அதன் 11-ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது. அந்தச் சொற்கள் அகர வரிசையில் இல்லை, எதுகை வரிசையில் இருக்கின்றன. ககர எதுகைச் சொற்கள் ஒருங்கே, ஙகர எதுகைச் சொற்கள் ஒருங்கே என்று அடுக்கு. திண்ணைப் பள்ளியில் இதை மனப்பாடம் செய்த மாணவனுக்குச் சொற்பொருளும் எதுகைப் பட்டியலும் ஒரே மூச்சில் நெஞ்சில் ஏறிவிடும்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1732-இல் அவர் முடித்த சதுரகராதிக்கு நான்கு பிரிவு: பெயர், பொருள், தொகை, தொடை. நான்காவதான தொடையகராதி முழுக்க முழுக்க எதுகைக்காகவே ஆனது. அதாவது தமிழில் அகர வரிசை அகராதி உருப்பெற்ற அதே நூலிலேயே எதுகை அகராதியும் சேர்ந்து பிறந்திருக்கிறது. அவருக்கு இது ஏன் தோன்றியது என்று கேட்டால் அவர் இயற்றிய தேம்பாவணியைப் பார்க்க வேண்டும். 3,615 பாடல்கள். விருத்தத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு அடியிலும் எதுகை வர வேண்டும். பிறமொழிச் சூழலில் வளர்ந்து, பின்னர் தமிழ் கற்று, அத்தனை ஆயிரம் எதுகைகளைத் தேடிக் கோத்த ஒருவர், தான் தேடிய வழியைப் பிறருக்கும் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பாடலாசிரியர் எத்தனை பேர் தொடையகராதியைப் புரட்டியிருப்பார்கள்? அதை நல்ல பதிப்பாக, இன்றைய வழக்குச் சொற்களையும் சேர்த்து வெளியிடும் வேலை யாராவது செய்தே ஆக வேண்டிய ஒன்று.

கணினியிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்தான். ஒரு நுணுக்கத்தை மட்டும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யூனிகோடில் 'கொடி' என்பதன் இரண்டாம் குறியீடு டகரம் அல்ல, ஒகரக் குறி. எழுத்து எது, குறியீடு எது என்று பிரித்துக் காட்டாமல் 'இரண்டாவதைத் தேடு' என்றால் குப்பைதான் வரும். ஆசு விதியையும் சொல்லிக்கொடுத்தால் வாழ்க்கைக்கு ஏக்கத்தை அது நொடியில் கொடுக்கும். அந்த ஏக்கம் யாருடையது என்று முடிவு செய்வது எழுதுகிறவர் பொறுப்பு.

தேடாமலே எதுகையை உண்டாக்கும் உத்திகளும் உண்டு. அ, இ, எ என்ற சுட்டும் வினாவும் எந்தப் பெயரின் முன் வந்தாலும் ஒற்று இரட்டிக்கும்: அக்கரை, இச்சொல், எத்தனை, இப்பொழுது, எம்மொழி, அவ்வழி. வேண்டிய ஒற்றை வேண்டிய இடத்தில் தயாரித்துக்கொள்ளும் வசதி இது. அளவோடு கையாண்டால் பாட்டு மிடுக்காக நிற்கும். அளவு மீறினால் சுட்டு எதையும் சுட்டாது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கடைசியான 'நின்று பயனின்மை' இந்த இடத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும்.

பெயரையே எதுகைக்கு இசைவாக்கிய பெருங்கவி கம்பர். லக்ஷ்மணன் அவர் கையில் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான். வடவெழுத்தை விலக்கித் தமிழ் ஓசைக்குக் கொண்டுவரும் தொல்காப்பிய மரபுதான் இதன் அடிப்படை. ஆனால் விளைந்த பயனைப் பாருங்கள். 'லக்ஷ்மணன்' என்பதன் எதிரே அடி தொடங்க எந்தத் தமிழ்ச் சொல்லும் வராது. 'இலக்குவன்' என்றதும் விலக்கு, கலக்கு, துலக்கு எல்லாம் வருகின்றன. 'வீடணன்' என்றதும் நாடு, காடு, கேடு, கூடு, நீடு, தேடு என்று ஒரு காப்பியத்துக்கு வேண்டிய பெயரும் வினையும் திரண்டு வருகின்றன.

இசைப்பாட்டில் இன்னொரு கட்டளையும் கூடுகிறது. எதுகை எழுத்து எந்த இனம் என்பதையும் மெட்டே சொல்லிவிடும். தண்டபாணி சுவாமிகள் (1839–1898) தம் வண்ணத்தியல்பில் சந்தங்களைத் தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என எட்டாக வகுத்தார். 'பத்து'வும் 'பந்து'வும் மாத்திரையில் ஒன்று, சந்தத்தில் வேறு. அருணகிரிநாதரின் திருப்புகழைத் தாளத்தோடு பாடிப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு உடம்பில் ஏறியிருக்கும். கீர்த்தனை வடிவத்திலும் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றுவது வழக்கம். தெலுங்கில் அதற்குப் பிராசம் என்று பெயர். தியாகராசரின் பாடல்களில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். மெட்டில் எடுப்பு விழும் இடத்தில் இந்த ஒலி திரும்ப வரும்போதுதான் கேட்பவர் வரியின் தொடக்கத்தை உணர்கிறார்.

'மௌனம்' பாடலாசிரியர்களுக்கு அலுக்காத சொல். அதற்கு எதுகை எது? 'மௌனம்' என்று நீட்டிப் பாடினால் னகர எதுகை: வானம், கானம், ஞானம், மானம். பாட்டு விரிந்த வெளிக்குப் போகும். 'மவுனம்' என்று குறுக்கிப் பாடினால் இரண்டாம் எழுத்து வகரமாகிவிடும்: கவனம், புவனம், சுவடு, அவள். பாட்டு ஓர் ஆளின் அருகே வந்துவிடும். எழுத்துக்கூட்டலில் எது சரி என்ற சண்டை இலக்கணக்காரர்களுக்கு. பாடகர் அதை இரண்டு மாத்திரையில் பாடுகிறாரா, 'ம', 'வு' என்று உடைக்கிறாரா என்பதைத்தான் எழுதுகிறவர் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாகக் கடன்சொற்கள். 'ஆட்டோ'வுக்குச் சிக்கல் இல்லை. பாட்டு, வீட்டு, கேட்டு எல்லாம் காத்திருக்கின்றன. 'போன்' என்றால் தேன், வான், நான். ஆனால் வரியின் தலையில் 'பஸ்' என்று வைத்துவிட்டால் இரண்டாம் எழுத்து ஸ். தமிழ் வேர் எதிலும் அந்த ஒற்று இல்லை. இரண்டாம் வரிக்கு மிஸ், கிஸ், லிஸ்ட் என்று இன்னோர் ஆங்கிலச் சொல்தான் வர முடியும். மூன்றாம் வரிக்கும் அப்படியே. இன்றைய பாட்டுகளில் ஆங்கிலச் சொற்கள் தனியாக வராமல் கூட்டமாக வருவதற்கு நாகரிக மோகம் மட்டும் காரணமல்ல. முதலில் வைத்த சொல்லின் ஓசையும் ஒரு காரணம். அங்கேயே 'பேருந்து' என்று வைத்துப் பாருங்கள். இரண்டாம் எழுத்து ரகரம். ஊர், யார், பேர், தூரம், நேரம், ஓரம், பாரம், ஈரம், சேரும் என்று ஒரு பயணத்துக்கு வேண்டிய அத்தனையும் வந்துவிடும். ஜன்னல் ஓரமும் போய்ச் சேரும் ஊரும் உட்பட. ஒரே ஒரு தடை. 'பஸ்' ஓர் அசையில் முடியும், 'பேருந்து' அப்படி அடங்காது. எழுதுகிறவர் இசையமைப்பாளரிடம் போய் அந்த இடத்தில் இன்னும் இரண்டு தட்டு கேட்டு வாங்க வேண்டும்.